புள்ளிக் கடல்நாயும் பனிப்பாளமும்

மாணாக்கர்க்கு ஓர் உயிரினத்தைப் பற்றிக் கற்பிக்கத் தொடங்குமுன் அதன் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் நாம் கற்ற விதிகளுள் ஒன்று. இங்கு நாம் காணவிருக்கும் உயிருக்கு அவ்விதி பெரிதும் பொருந்தும். ஆங்கிலத்தில் சீல் எனப்படும் விலங்கைத் தமிழில் கடல்நாய் என வழங்குகின்றோம். இப்பெயரைக் கேட்டவுடன் பிள்ளைகளுள் சிலர் ஆற்றில் வாழும் நீர்நாயை எண்ணிக்கொள்வர். வேறு சிலர் பாக் நீரிணையில் வாழும் கடற்பசுவை எண்ணிக்கொள்வர். மூன்றும் வெவ்வேறானவை. நீர்நாய்க்கு நான்கு கால்களும் நீண்ட வாலும் உண்டு. கடற்பசு கடற்புல்லை மேய்வது, கரையேறாதது, யானைக்குத் தூரத்து உறவு. கடல்நாயோ நாய், கரடி முதலியன அடங்கிய ஊன் உண்ணும் விலங்குகளின் வரிசையைச் சேர்ந்தது. ஆகவே நாய் என்னும் பெயர் முற்றிலும் பொருந்தாததன்று. கால்கள் நான்கும் துடுப்புகளாக மாறிவிட்டன. உணவு நீரில், ஓய்வும் மகப்பேறும் பனியிலோ கரையிலோ என்பது அதன் வாழ்வு.

கடல்நாய்களுள் பல இனங்கள் உள்ளன. அவற்றுள் புள்ளிக் கடல்நாயை இங்கு எடுத்துக்கொள்வோம். பழுப்பும் சாம்பலும் கலந்த மேனியில் கருநிறப் புள்ளிகள் அள்ளித் தெளித்தாற்போல் இருக்கும். இப்புள்ளிகளைக் கண்ட ஜப்பானியர் அதற்கு எள்ளுப்புள்ளிக் கடல்நாய் எனப் பெயரிட்டனர். சீன மொழியில் கடல்நாய்க்குக் கடற்சிறுத்தை என்று பொருள்படும் பெயர் வழங்குகின்றது. கொரிய மொழியில் நீர்ப்புலி என்று பொருள்படும் பெயர். நாம் நாய் என்றதை அவர்கள் சிறுத்தையாகவும் புலியாகவும் கண்டிருக்கின்றனர். அதன் அறிவியற் பெயரான போக்கா லார்கா என்பதில் உள்ள லார்கா, ஒகோத்ஸ்க் கடற்கரையில் வாழும் துங்கூசு மக்களின் சொல். ரஷ்ய அரசின் பணியில் இருந்த ஜெர்மானிய இயற்கை அறிஞர் பீட்டர் சைமன் பல்லாஸ் 1811ஆம் ஆண்டு அதனை நூலில் ஏற்றினார். எனினும் நெடுங்காலம் இதனைத் துறைமுகக் கடல்நாயின் ஒரு வகை என்றே அறிஞர் பலர் கருதிவந்தனர். இரண்டும் தோற்றத்தில் அத்துணை ஒத்தவை. மண்டையோட்டின் அமைப்பும், பனியின்மீது ஈனும் வழக்கமுமே இதனைத் தனி இனம் எனக் கொள்ளச் செய்தன.

இதன் வாழிடம் வட பசிபிக் பெருங்கடலும் அதனையடுத்த ஆர்க்டிக் கடற்பகுதியும் ஆகும். அலாஸ்காவுக்கும் சைபீரியாவுக்கும் இடையே உள்ள பெரிங் கடல், அதன் வடக்கே சுக்சி கடல், மேற்கே ஒகோத்ஸ்க் கடல், ஜப்பான் கடல், இன்னும் தெற்கே சீனாவின் போஹாய் கடலும் மஞ்சள் கடலும் என இது பரவியுள்ளது. தேசப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு இப்பெயர்களை விரலால் தொட்டுக்கொண்டே படித்தால் நலம். வளர்ந்த விலங்கின் நீளம் ஏறத்தாழ 1.5 மீட்டர் முதல் 1.7 மீட்டர் வரை. எடை 80 கிலோ முதல் 110 கிலோ வரை. ஆணுக்கும் பெண்ணுக்கும் பருமனில் பெரிய வேறுபாடு இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது.

பனித் தொட்டில்

குளிர்காலம் முற்றியதும் பெரிங் கடலின் மேற்பரப்பு உறைந்துவிடும். உப்பு நீராதலின் பூச்சியம் டிகிரியில் உறையாது. அதற்கும் கீழே ஏறத்தாழ 1.8 டிகிரி இறங்கவேண்டும். உறைந்த பனி ஒரே தளமாக நிற்பதில்லை. காற்றும் அலையும் அதனை உடைத்துப் பாளம் பாளமாக மிதக்க விடுகின்றன. பனியின் விளிம்பில் மிதக்கும் இப்பாளங்களே புள்ளிக் கடல்நாயின் மகப்பேற்று இல்லம். நிலத்தில் திரியும் நரியும் ஓநாயும் எளிதில் வந்தடைய முடியாத இடம் அது. அதே நேரத்தில் இரண்டடி நகர்ந்தால் ஆழ்கடல், உணவு, தப்பிக்க வழி யாவும் உண்டு.

பெரிங் கடலில் ஏப்ரல் மாதம் குட்டிகள் பிறக்கின்றன. தெற்கே போஹாய் கடலில் பனி முன்னதாகவே கரைந்துவிடுவதால் அங்கு ஜனவரி, பிப்ரவரி மாதங்களிலேயே பிறந்துவிடுகின்றன. ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டியே. பிறக்கும்போது அதன் நீளம் 75 முதல் 90 சென்டிமீட்டர்; எடை 7 முதல் 12 கிலோ. உடல் முழுவதும் வெண்பஞ்சு போன்ற நீண்ட மயிர் மூடியிருக்கும். இம்மயிர் காற்றைத் தன்னுள் அடக்கி வைத்துக் குளிரைத் தடுக்கின்றது. ஆனால் நனைந்துவிட்டால் பயன் அற்றுப்போம். கடலில் வாழப் பிறந்த குட்டி, பிறந்த சில வாரங்கள் வரை கடலுக்கு அஞ்சவேண்டிய நிலையில் இருக்கின்றது! தோலுக்கடியில் கொழுப்பு சேரும்வரை அக்குட்டிக்கு உலர்ந்த பனித்தளம் ஒன்றே காப்பு. இதனை வாசகர் நினைவிற் கொள்க. பின்னர்க் கூறவிருக்கும் செய்திகள் யாவும் இதனைப் பற்றியே நிற்கின்றன.

கொழுப்பைச் சேர்ப்பது தாயின் பால். நம் வீட்டுப் பசுவின் பாலில் நூற்றுக்கு நான்கைந்து பங்கு கொழுப்பு இருக்கும். கடல்நாய்ப் பாலிலோ அதனைப்போல் எட்டு, பத்து மடங்கு உண்டு. மூன்று, நான்கு வாரமே பாலூட்டுகின்றது; அதற்குள் குட்டியின் எடை ஏறத்தாழ மும்மடங்காகிவிடும். பின்னர் தாய் விலகிச் சென்றுவிடும். வெண்மயிரும் உதிர்ந்து, புள்ளிகளுடன் கூடிய குறுமயிர் தோன்றும். தன்னந்தனியே விடப்பட்ட குட்டி, முதலில் சேர்த்து வைத்த கொழுப்பைக் கரைத்தே உயிர் வாழ்கின்றது. நீரில் இறங்கி, தட்டுத் தடுமாறி மூழ்கி, இறால் போன்ற சிற்றுயிர்களைப் பிடிக்கத் தானே கற்றுக்கொள்கின்றது. கற்பிப்பவர் எவருமிலர். நாற்பதாண்டுகள் கற்பித்தலையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்செய்தி சற்று வியப்பையே அளித்தது.

இக்காலத்தில் பனிப்பாளத்தின்மீது தாய், குட்டி, ஓர் ஆண் என மூன்று விலங்குகள் சேர்ந்து இருப்பதைக் காணலாம். ஒரு மூவர் கூட்டத்திற்கும் அடுத்த கூட்டத்திற்கும் இடையே நல்ல தொலைவு இருக்கும். படத்தில் இதனைக் காண்போர் தந்தையும் தாயும் மகவும் எனக் குடும்பக் கதை கூறிவிடுவர். அங்ஙனம் கூறுதல் பிழை. அந்த ஆண், குட்டியின் தந்தை ஆகவேண்டிய கட்டாயமில்லை. குட்டி பால் மறந்தபின் தாயுடன் இணைவதற்காகவே அது காத்திருக்கின்றது. ஒரு பருவத்துக்கு ஒரு துணை என்ற அளவில் மட்டும் அதன் ஒழுங்கு நிற்கின்றது.

இணைந்தபின் உண்டாகும் கரு உடனே வளர்வதில்லை. சிறு உயிரணுத் திரளாகக் கருப்பையில் ஒட்டாமல் சில மாதங்கள் தங்கிவிடுகின்றது. அதன் பின்னரே ஒட்டி வளர்கின்றது. இந்தத் தாமதத்தினால், இணையும் காலமும் ஈனும் காலமும் ஆண்டுதோறும் ஒரே பருவத்தில், பனி உறுதியாக இருக்கும் நாட்களில் வந்து பொருந்துகின்றன. பனியின் நாட்காட்டிக்கு இசைந்த உடல் இது. பனி தன் நாட்காட்டியை மாற்றிக்கொண்டால் உடல் உடனே மாறுமா என்பதே இன்று அறிஞரை வருத்தும் வினா.

நீருக்குள் வாழ்வு

ஈற்றுக்காலம் கழிந்ததும் மே, ஜூன் மாதங்களில் வளர்ந்த விலங்குகள் மயிர் உதிர்க்கும். அப்போது பெரும்பாலும் பனியின்மீதே கிடக்கும். பனி கரைந்தபின் கூட்டமாகக் கரையோரம் வந்து, அலாஸ்காவின் கசெகலுக் காயல் போன்ற இடங்களில் மணல்திட்டுகளில் இளைப்பாறும். அக்காயலில் பிடித்து, மயிரில் சிறு கருவியை ஒட்டி, செயற்கைக்கோள் வழியாக அவற்றின் போக்கை அறிஞர் 1990களில் கண்டறிந்தனர். கோடை முழுவதும் கடலுக்குள் நெடுந்தொலைவு சென்று உணவு தேடி மீண்டு வந்த அவ்விலங்குகள், அக்டோபரில் தெற்கு நோக்கிப் புறப்பட்டு, நவம்பரில் பெரிங் நீரிணையைக் கடந்தன. அடுத்த ஆண்டு மயிர் உதிரும்போது கருவியும் உதிர்ந்துவிடும் என்பதால் விலங்குக்கு நிலையான சுமை இல்லை.

மூழ்கும் திறனைச் சற்று விரித்துக் கூறுவோம். இவ்விலங்கு 300 மீட்டர் ஆழம் வரை செல்லக்கூடியது. நாம் மூழ்குமுன் மூச்சை உள்ளிழுத்து அடக்குகின்றோம். கடல்நாயோ மூச்சை வெளியே விட்டுவிட்டு மூழ்குகின்றது. அதற்கு வேண்டிய உயிர்வளி நுரையீரலில் அன்று. குருதியிலும் தசையிலும் சேமிக்கப்பட்டுள்ளது. எடைக்கு எடை ஒப்பிட்டால் அதன் குருதியின் அளவு நம்முடையதைவிட மிகுதி. மூழ்கியதும் இதயத்துடிப்பு மிகவும் குறைந்துவிடும். மூளை, இதயம் போன்ற இன்றியமையாத உறுப்புகளுக்கே குருதி பாயும். நாசித் துளைகள் இயல்பாகவே மூடியிருக்கும். திறப்பதற்குத்தான் முயற்சி வேண்டும்! குடிப்பதற்கு நன்னீரை அது தேடுவதில்லை. உண்ணும் மீனில் உள்ள நீரும், கொழுப்பு உடலில் எரியும்போது உண்டாகும் நீரும் அதற்குப் போதும்.

இருண்ட நீரில் இரையை அறிவது எவ்வாறு? இதன் நெருங்கிய உறவினமான துறைமுகக் கடல்நாயைக் கொண்டு ஜெர்மானிய அறிஞர்கள் செய்து 2001ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. விலங்கின் கண்ணை மறைத்து, காதுகளுக்கு ஒலி எட்டாமல் செய்து, குளத்தில் சிறு நீர்மூழ்கிப் பொம்மையை ஓடவிட்டு நிறுத்தினர். பின்னர் விலங்கை விட, பொம்மை சென்ற தடத்தை 40 மீட்டர் வரையிலும் பிசகாமல் தொடர்ந்து சென்றது. மீசைமயிரை உறையிட்டு மூடியபோது அதனால் தொடர இயலவில்லை. நீரில் மீன் ஓடியபின் எஞ்சும் நுண்ணிய சுழிப்பை மீசையால் படிக்கின்றது என்பது அதனால் விளங்கிற்று.

செவிப்புலனைப் பற்றிய ஆய்வு புள்ளிக் கடல்நாயைக் கொண்டே நடந்தது. கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழக அறிஞர்கள் 2014இல் அதனை வெளியிட்டனர். அலாஸ்காவிலிருந்து வந்த இரு இளம் விலங்குகளுக்கு, ஒலி கேட்டால் எதிரே உள்ள குறியை மூக்கால் தொடவும், கேளாவிட்டால் அசையாது இருக்கவும் பயிற்சி அளித்தனர். சரியான விடைக்கு மீன் பரிசு. ஒலியை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டே சென்று, எந்த அளவில் கேளாமற் போகின்றது எனக் குறித்தனர். எத்தனை நாட்கள், எத்தனை பொறுமை! மந்தமான மாணவன் என்று எவரையும் கூறுவதற்குமுன் நம் ஆசிரியர்கள் இச்செய்தியை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். காற்றிலும் நீரிலும் ஒருங்கே கூர்மையாகக் கேட்கும் செவி அதற்கு உண்டு என்பது முடிவு. மனிதரின் செவி 20,000 அதிர்வுக்கு மேல் கேளாது. நீருக்குள் இதன் செவி 50,000 அதிர்வையும் கேட்கின்றது. எண்ணெய் தேடுவோர் கடலடியில் எழுப்பும் வெடியோசையும், பனி குறைந்ததனால் பெருகிவரும் கப்பல்களின் இரைச்சலும் இச்செவிக்கு என்னவாகும் என்பதை அறியவே அவ்வாய்வு மேற்கொள்ளப்பட்டது.

உணவும் பகையும்

நெத்திலி போன்ற சிறுமீன்கள், ஹெர்ரிங், பொல்லாக், ஆர்க்டிக் காட் மீன், கணவாய், இறால் ஆகியன இதன் உணவு. இதற்குப் பகை கொல்திமிங்கிலம், சுறா, பனிக்கரடி ஆகியன. பனிமேல் தனித்த குட்டியைக் கழுகும் கவர்ந்து செல்லும். புலால் உண்ணா இல்லத்துப் பிள்ளை ஒன்று, வெண்பஞ்சுக் குட்டியின் படத்தைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, இது மீனைத் தின்னுமா என முகம் வாடிக் கேட்கும். நம்மிடமும் கேட்டிருக்கின்றனர். ஆம் என்றே விடை கூறவேண்டும். மறைத்தல் ஆகாது. அதற்குத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு இல்லை, நமக்கு உண்டு. அவ்வளவு கூறினால் பிள்ளைக்குப் போதும்.

இவ்வினாவின் மறுபாதி கடினமானது. அலாஸ்காவிலும் சைபீரியாவிலும் வாழும் யூபிக், இனுபியாக் முதலிய மக்கள் தொன்றுதொட்டுக் கடல்நாயை வேட்டையாடி, அதன் ஊனையும் எண்ணெயையும் உணவாகவும், தோலை உடையாகவும் பயன்படுத்தி வந்துள்ளனர். நெல்லும் பருப்பும் விளையாத உறைநிலம் அது. அமெரிக்காவின் 1972ஆம் ஆண்டுக் கடற்பாலூட்டிப் பாதுகாப்புச் சட்டம் பிறரைத் தடுத்து, அம்மண்ணின் மக்களுக்கு மட்டும் தம் வாழ்வுக்கென விலக்கு அளித்துள்ளது. அவ்வேட்டையை நாம் போற்றுவதற்கில்லை. எனினும் விளைநிலத்தின் நடுவே அமர்ந்துகொண்டு அவர்களை இழித்துரைப்பதும் தகாது எனக் கருதுகின்றோம். தோலுக்காகவும் வணிகத்துக்காகவும் கப்பல் கப்பலாகச் சென்று சோவியத் நாட்டார் நடத்திய வேட்டை வேறு வகையானது. அது 1990களில் நின்றுபோயிற்று.

கரையும் தொட்டில்

வேட்டை குறைந்தும் கவலை தீரவில்லை. 2017-18 குளிர்காலத்தில் பெரிங் கடலில் பனியின் பரப்பு, அதுவரை பதிவானவற்றுள் மிகக் குறைந்த அளவாக இருந்தது. அவ்வாண்டு ஜூன் முதல் அலாஸ்காவின் கரையோரங்களில் மடிந்த கடல்நாய்கள் வழக்கத்திற்கு மாறாக மிகுதியாக ஒதுங்கத் தொடங்கின. தாடிக் கடல்நாய், வளையக் கடல்நாய், புள்ளிக் கடல்நாய் ஆகிய மூன்று இனங்களும் அவற்றுள் இருந்தன. பல உடல்கள் கொழுப்பு வற்றி மெலிந்திருந்தன. அமெரிக்க அரசு அதனை வழக்கத்திற்கு மாறான இறப்பு நிகழ்வு என முறையாக அறிவித்தது. பனி முன்னதாகக் கரைந்தால், பால் மறவாத குட்டி நீரில் விழும், மயிர் நனையும், கொழுப்பும் சேர்ந்திராது. முன்னர் நினைவிற் கொள்ளச் சொன்னது இதற்காகவே.

பெரிங் கடலில் இன்னும் இவ்வினம் லட்சக்கணக்கில் உள்ளது. ஆகவே 2009இல் அப்பகுதிக்கும் ஒகோத்ஸ்க் பகுதிக்கும் அழிவுப் பட்டியல் வேண்டுவதில்லை என அமெரிக்க அரசு முடிவு செய்தது. தென்கூட்டத்தை மட்டும் 2010இல் அச்சுறுத்தலுக்குள்ளானதாக அறிவித்தது. தென்கூட்டம் என்பது சீனாவின் லியாவ்டுங் விரிகுடாவிலும், ரஷ்யாவின் விளாடிவாஸ்டாக் அருகே மகா பீட்டர் விரிகுடாவிலும் வாழ்வது. மகா பீட்டர் விரிகுடாவில் ஒரு புதுமை உண்டு. பனி போதாமையால் அங்குள்ள தாய்கள் சிறு தீவுகளின் கரையிலேயே ஈனுகின்றன. அங்ஙனமாயின் பனி இன்றியும் இவ்வினம் வாழ்ந்துவிடும் எனச் சிலர் ஆறுதல் கூறுவர். அது பாதி உண்மையே. அத்தீவுகளுள் பல 1978 முதல் கடற்காப்பகமாக உள்ளன. அங்கு ஆள் நடமாட்டம் தடுக்கப்பட்டுள்ளது. அத்தகைய அமைதியான கரை எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை.

லியாவ்டுங் விரிகுடாவின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 1940 வாக்கில் எட்டாயிரம் அளவில் இருந்தவை, 1980களின் தொடக்கத்தில் இரண்டாயிரத்து சொச்சமாகக் குறைந்தன. தோலுக்காகவும், மருந்து என்னும் பெயரிலும் கொன்றனர். சீன அரசு 1988இல் இரண்டாம் நிலைப் பாதுகாப்பும், 2021இல் முதல் நிலைப் பாதுகாப்பும் அளித்தது. இவ்விரண்டுக்கும் இடையே, 2019ஆம் ஆண்டு பிப்ரவரியில் தாலியன் நகரக் காவல்துறையினர் ஒரு கைவிடப்பட்ட பண்ணைக் கொட்டகையைத் திறந்து பார்த்தனர். உள்ளே 100 புள்ளிக் கடல்நாய்க் குட்டிகள்! பனிமேல் தாயிடம் இருந்த குட்டிகளைக் களவாடி வந்து அங்கே அடைத்திருந்தனர். 29 குட்டிகள் முன்னரே மடிந்திருந்தன. மீட்கப்பட்டவற்றுள்ளும் சில பிழைக்கவில்லை. எஞ்சியவற்றை உணவூட்டித் தேற்றி, அவ்வாண்டிலேயே கடலில் விட்டனர்.

கொல்வதற்காக அக்குட்டிகளைப் பிடிக்கவில்லை என்பதைக் கவனிக்க. காட்சிக்கூடங்களுக்கு விற்கும் பொருட்டே பிடித்தனர். சீட்டு வாங்கிக்கொண்டு, பந்தைத் தலையில் ஏந்தும் கடல்நாயைப் பார்த்துக் கை தட்டும் கூட்டம் இருப்பதனால்தான் அக்கொட்டகை இருந்தது. விடுமுறையில் வெளிநாடு செல்லும் நம் குடும்பங்களும் பேரப்பிள்ளைகளை இத்தகைய காட்சிகளுக்கு அழைத்துச் செல்கின்றன. நாமும் ஒருமுறை சென்று கை தட்டியிருக்கின்றோம். இதனை மறைக்க விரும்பவில்லை. இந்த விலங்கு எங்கிருந்து வந்தது என்று அன்று கேட்கத் தோன்றவில்லை. காட்சிக்கூடத்திலேயே பிறந்த விலங்கும் உண்டு. காயமுற்று மீட்கப்பட்டதும் உண்டு. ஆயினும் கேட்டுத் தெரிந்துகொண்டு உள்ளே செல்வது நம் கடமையன்றோ?

லியாவ்டுங் விரிகுடாவில் குளிர்காலத்தைக் கழிக்கும் கடல்நாய்களுள் சில நூறு, இளவேனிலில் தெற்கே புறப்பட்டு மஞ்சள் கடல் வழியே கொரியாவின் பெங்னியோங் தீவை அடைகின்றன. வட கொரியாவின் கரைக்கு மிக அண்மையில் தென் கொரியாவின் ஆட்சியில் உள்ள தீவு அது. இரு நாட்டுப் போர்க்கப்பல்களும் விழித்திருந்து காவல் புரியும் அந்நீர்ப்பரப்பில் இவை எல்லை பாராமல் வந்து செல்கின்றன. தென் கொரிய அரசு 1982இலேயே இவ்வினத்தை இயற்கை நினைவுச் சின்னம் என அறிவித்தது. 2014இல் இஞ்சியோன் நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடைபெற்றபோது மூன்று புள்ளிக் கடல்நாய்களையே போட்டியின் சின்னமாக வைத்தனர்.

அத்தீவின் அருகே நீர்மேல் தலைநீட்டும் பாறைகள் சிலவே. ஒவ்வொரு பாறைக்கும் பல விலங்குகள் போட்டியிட்டு, இடம் கிடையாதவை நீரிலேயே தத்தளித்தன. இதனைக் கண்ட அந்நாட்டினர் 2018ஆம் ஆண்டு கற்களைக் கொண்டுவந்து கடலில் அடுக்கி, அவை ஏறி இளைப்பாறுவதற்கென ஒரு மேடை அமைத்தனர். அடுத்த ஆண்டு கோடையில் நீர் வற்றும் வேளையில், புள்ளிக் கடல்நாய்கள் அம்மேடைமீது ஏறிப் படுத்திருந்ததைக் கண்டனர்.